மங்கல் பக்கம் உள்ளே

காலை எட்டரை, கல்முனை பஸார்.
சுவிட்சைப் போட்ட உடனே வேலை தராது இது.
பதினைந்து நிமிசம் சும்மா நிற்க வேண்டும்,
சிவப்பு விளக்கு பச்சையாகும் வரைக்கும்.
அவசரக்காரர் அதற்குள் மூன்று தரம் கேட்பார்,
"இன்னும் சூடாகல்லயா?"
சூடேறாத உருளையில் விட்ட தாள்
பாலாடை படர்ந்ததுபோல் வெளிறி வரும்.
பிறகு ஏச்சு எனக்கு.

அதுவரை என் வேலைகள்.
வளையலைக் கழற்றி லாச்சிக்குள்.
அபாயாக் கையை முழங்கை மட்டும் சுருட்டி
இரண்டு ஊசி.
ஷோலின் நுனி கழுத்துக்குள்.
இரண்டு உருளைக்கும் நடுவில்
எதுவும் தொங்கக் கூடாது.
அதற்குத் துணியும் தாளும் ஒன்றுதான்,
விரலும்.

என் வலப் பெருவிரலில் ரேகை இல்லை.
வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாசம்
சுற்றிக்கொண்ட பிலிமை
ஓட ஓடவே பிடித்து இழுத்தேன்.
நிறுத்தும் பொத்தான் ஒரு சாண் தூரத்தில் இருந்தது.
பாஸ்போர்ட் கந்தோரில் கண்ணாடியில் அழுத்தச் சொன்னார்கள்.
அழுத்தினேன். மறுபடியும் அழுத்தினேன்.
"வேற விரல் தாங்க" என்றான் அந்தப் பொடியன்.

நேற்று சிப்னாஸ் புது ரோல் மாட்டினான்.
மினுங்கும் பக்கம் உருளைக்கு,
மங்கல் பக்கம் உள்ளே, தாளுக்கு.
மெஷினின் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.
அவன் எழுத்தை வாசிப்பதில்லை.
பசை முழுக்க உருளையில்.
கத்தரிக்கோலை எடுத்துச் சுரண்டப் போனவனை
"டேய்!" என்றேன்,
எதிரே பழக்கடைக்காரரும் திரும்பிப் பார்த்தார்.
இளஞ்சூட்டில், துணியால், மெல்ல.
மஃரிபு பாங்கு சொல்லும் வரை துடைத்தோம்.

பச்சை விளக்கு.
முதல் ஆள் பாண்டிருப்புச் சோதிமலர்.
கையில் நாலாய் மடித்த நீளத் தாள்,
மூலையில் ஆஸ்பத்திரி குத்திய கம்பி ஊசி.
ரோசாக் கட்டங்களின் மேல் கறுப்புக் கோடு
எழும்பி, விழுந்து, எழும்பி.
"இத லெமினேற் பண்ணித் தாங்க புள்ள.
வியாழக்கிழம கிளினிக். மழைக்குள்ள நனைஞ்சிரும்."

நான் கை நீட்டவில்லை.
ஊசி என்றால் கழற்றலாம்.
இது சூட்டால் எழுதும் தாள்.
அந்தக் கோட்டை வரைந்ததே ஒரு சூடுதான்.
இந்தப் பக்கம் நெஞ்சு நுழையும்,
அந்தப் பக்கம் கரி நாடா வரும்.

சொன்னேன். நம்பவில்லை.
"பிறப்புப் பத்திரம் செஞ்சு தந்தீங்கதானே?"
"அது வேற தாள் அக்கா."
ஓரத்தில், கோடும் பேரும் இல்லாத இடத்தில்
நகமளவு வெட்டக் கேட்டேன். வெட்டவிட்டா.
பிலிமுக்கு நடுவே அதை மட்டும் அனுப்பினேன்.
கண்ணாடித் தண்ணீருக்குள்
கறுத்த எறும்பு ஒன்று வந்து நின்றது.
அவ வாயில் கை வைத்தா.

பிறகு போட்டோப்பிரதி.
முதலாவது மங்கல்.
கறுப்பை ஒரு படி கூட்ட, ஒவ்வொரு முள்ளும் தெரிந்தது.
அதை நேராக வைத்து விட்டேன்.
பிடித்ததும் கையை எடுத்துவிட வேண்டும்.
தள்ளக் கூடாது,
இழுக்கிற வேலை அதனுடையது.

"ஒட்ட வெட்டுங்க, பேர்ஸுக்குள்ள வைக்கணும்."
"ஒட்ட வெட்டினா ஓரத்தால தண்ணி போகும் அக்கா."
சுற்றிவர ஒரு நெல்லின் நீளம் விட்டேன்.

வெளியே ஹோர்ன்.
அழகரெத்தினம், ஹெல்மெட் கழற்றாமல்,
மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல்,
அந்தக் கோட்டின் சொந்தக்காரர்.
"எவ்வளவு நேரங்கா?"
"ஒங்கட நெஞ்சத்தான் வெட்டிக்கிட்டு நிக்காங்க,
பொறுங்க!"

அசலை வெள்ளைத் தாளில் சுற்றிக் கொடுத்தேன்.
வெயிலில் வைக்காதீங்க என்றேன்.
மார்கழியில் எங்க புள்ள வெயில் என்று
குடையை விரித்தபடி போனா.

பத்தே காலுக்குக் கரண்ட் போனது.
நெம்பை உயர்த்தி உருளைகளைப் பிரித்துவிட்டு,
அந்த எறும்பை வெட்டியெடுத்து
மெஷினின் நெற்றியில்
என் எழுத்துக்குக் கீழே ஒட்டினேன்.
சிப்னாஸ் வாசிக்க மாட்டான்.
பார்ப்பான் என்று நினைக்கிறேன்.